வைரத்தின் மேல் கரிக்கோடு

தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள், ரோச் பற்றரியின் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்று. யோசிக்காமல் சொல்வார்கள். பொருளாதாரத் தடை இருந்த அந்தக் காலத்தில் பற்றரி லேசில் கிடைக்காது. தீர்ந்துபோனதையும் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். அதுவும் செத்த பிறகுதான் பிள்ளைகளின் கைக்கு வரும். கல்லில் வைத்துத் தட்டி, வெளிக்கோதை உரித்து, கறுப்பு மாவை உதறினால் நடுவில் ஒரு கரிக்குச்சி இருக்கும். அதைக்கொண்டு சீமெந்துத் தரையில் கெந்தி விளையாடக் கட்டம் கீறுவோம். விளையாடி முடிய விரல், கால், சட்டை எல்லாம் கறுப்பு. அம்மாவிடம் ஏச்சு விழும்.

அந்தக் குச்சி காரீயமும் கரியும் சேர்த்து அழுத்திச் செய்தது. பற்றரிக்குள் அதற்கு ஒரே வேலைதான், மின்னைக் கடத்துவது. காரீயம் என்று நான் சொல்வது பென்சிலுக்குள் இருக்கும் கறுப்புப் பொருளை. தமிழ்நாட்டில் அதே சொல்லை ஈயத்துக்கும் சொல்வார்கள். இங்கே எங்கள் பாடப்புத்தகத்தில் காரீயம் என்றால் கிராபைட். போகலையிலும் கஹட்டகஹவிலும் சுரங்கத்தில் வெட்டி எடுப்பது அதைத்தான். இலங்கைக் காரீயம் பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாகப் படிந்தது, மிகத் தூய்மையானது என்று உலகம் முழுதும் பெயர் உண்டு.

இப்போது கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். காபன் பாடம் நடந்த ஒரு பின்னேரம், பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்:

“ரீச்சர், வைரத்துக்கு லேசர் அடிச்சா பென்சில் கரியா மாறுமாமே, உண்மையோ? சூட்டில எரிஞ்சு போறதோ?”

உண்மைதான், மாறும். ஆனால் கேள்வியின் இரண்டாவது பாதிதான் எனக்கு இனித்தது. ஏனென்றால் மிகக் குறுகிய லேசர் துடிப்புகள் வைரத்தில் செய்கிற வேலை, நாங்கள் அறிந்த எரித்தல் இல்லை, உருக்கலும் இல்லை. சூடு வந்து சேருமுன்னரே காரியம் முடிந்துவிடுகிறது. அது எப்படி என்று அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். காபன் என்ற பெயர் தெரிந்தால் போதும், வேறு முன்னறிவு தேவையில்லை.

வைரமும் கரியும் ஒரே பொருள் என்பதைப் பலர் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மனப்பாடம் செய்து தாண்டிப்போகிற விஷயம் இல்லை இது. 1772ஆம் ஆண்டு பிரான்சில் லவோசியே பெரிய வில்லைகளால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்துப் பார்த்தார். 1797இல் இங்கிலாந்தில் சிமித்சன் தெனன்ற் என்பவர் வைரத்தைப் பொன் குழாய்க்குள் வெடியுப்போடு சேர்த்துச் சூடாக்கினார். வந்த வாயுவை அளந்தார். அதே எடைக் கரியை எரித்தால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வருமோ, வைரத்திலிருந்தும் அவ்வளவே வந்தது. அப்போது தெரிந்தது, அரசர்களின் முடியில் இருப்பதும் அடுப்படியில் கிடப்பதும் ஒன்றுதான். நாங்கள் முதிரைக் கட்டையைப் பார்த்து “நல்லா வைரம் பாய்ஞ்ச மரம்” என்று சொல்வோமே, அந்தச் சொல் எனக்கு எப்போதும் பிடிக்கும். மரத்தின் வைரத்திலும் காபன் இருக்கிறது, கல்லின் வைரமும் காபன்தான் என்று அந்தச் சொல்லை வழங்கியவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சரி, அணு ஒன்றே என்றால் ஒன்று கண்ணாடியை வெட்டுகிறது, மற்றது விரலில் ஒட்டுகிறது, ஏன்? அணுக்கள் கைகோத்து நிற்கும் விதம்தான் வேறு.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊரில் நல்ல உவமை இருக்கிறது. மீள்குடியேறிய காலத்தில் ஒவ்வொரு வளவிலும் நெளித்தகரம் அடுக்கிக் கிடந்ததே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தகரமும் மேடும் பள்ளமுமாக நெளிந்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேடு தட்டுப்படும் இடத்தில் மேல் தகரத்தோடும், பள்ளம் தட்டுப்படும் இடத்தில் கீழ்த் தகரத்தோடும் ஆணி இறுக்கிவிட்டோம் என்று வையுங்கள். இனி அந்த அடுக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் அசையாது. வைரம் அப்படித்தான். ஒவ்வொரு காபன் அணுவும் தன் தகரத்துக்குள்ளே மூன்று அயலவரைப் பிடித்திருக்கிறது. நாலாவது கையால் மேல் தகரத்திலோ கீழ்த் தகரத்திலோ உள்ள ஒன்றைப் பிடித்திருக்கிறது. நாலு பிடியும் ஒரே நீளம், 0.154 நனோமீற்றர். ஒரே உறுதி. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு.

காரீயத்தில் அந்த ஆணிகள் இல்லை. தகரங்கள் நெளிவு நிமிர்ந்து தட்டையாகிவிட்டன. தகரத்துக்குள் பிடி இன்னும் கிட்டவாகி 0.142 நனோமீற்றர் ஆகிவிட்டது. அதாவது ஒரு தாளுக்குள் காரீயத்தின் பிடி வைரத்தின் பிடியைவிட இறுக்கமானது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. ஆனால் தாளுக்கும் தாளுக்கும் இடையில் 0.335 நனோமீற்றர் இடைவெளி, வெறும் மெல்லிய ஈர்ப்பு. ஆகவே தாள்கள் வழுக்குகின்றன. பென்சிலால் எழுதும்போது கடதாசியில் தாள் தாளாகக் கழன்று ஒட்டுவது அதுதான். கெந்திக் கட்டம் கீறியபோது எங்கள் விரலில் ஒட்டியதும் அதுவே.

நாலாவது கைக்கு என்ன ஆனது? காரீயத்தில் அது யாரையும் இறுகப் பிடிக்கவில்லை. அந்த இலத்திரன் தாள் முழுதும் அலைகிறது. அலையும் இலத்திரன் இருந்தால் மின் கடத்தும். வைரத்தில் எல்லா இலத்திரனும் பிடிகளுக்குள் பூட்டுண்டு கிடக்கிறது, மின் போகாது.

வகுப்பில் நான் இதைக் காட்டுவது இப்படி. 6பி பென்சிலால் வெள்ளைத் தாளில் இரண்டு சதமமீற்றர் நீளத்தில் தடித்த கோடு ஒன்றை அழுத்தி அழுத்திக் கீறச் சொல்வேன். தாள் பளபளக்கும் வரைக்கும் கீற வேண்டும். 9 வோல்ற்றுப் பற்றரியின் ஒரு முனையிலிருந்து ஒரு வயர் கோட்டின் ஒரு அந்தத்துக்கு. மறு முனையிலிருந்து ஒரு சின்ன எல்.ஈ.டி. வழியாக இன்னொரு வயர் கோட்டின் மறு அந்தத்துக்கு. வயரை விரலால் அழுத்திப் பிடித்தால் எல்.ஈ.டி. மங்கலாக எரியும். ஒரு வயரை மெல்ல மெல்ல மற்றதுக்குக் கிட்டக் கொண்டுவந்தால் வெளிச்சம் கூடிக்கொண்டே வரும். எரியாவிட்டால் எல்.ஈ.டி.யின் காலை மாற்றிப் பாருங்கள், அப்புறம் கோட்டை இன்னும் அழுத்திக் கீறுங்கள். கடதாசி மின் கடத்தாது, அதன் மேல் கீறிய காரீயக் கோடு கடத்துகிறது. வைரத்தின் மேல் லேசரால் செய்வதும் இதே வேலைதான். ஒரு வித்தியாசம், காரீயத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து பூசவில்லை. வைரத்தின் மேற்பரப்பே அந்த இடத்தில் காரீயமாகிறது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், வைரம் இயல்பில் காரீயமாக விரும்புகிற பொருள். நாங்கள் வாழும் இந்த அமுக்கத்தில் காபனுக்கு வசதியான இருப்பு காரீயம்தான். வித்தியாசம் சிறிதுதான், 12 கிராம் காபனுக்கு ஏறத்தாழ 3 கிலோயூல். அப்படியானால் மோதிரத்தில் இருக்கும் வைரம் ஏன் கரியாகிப் போவதில்லை?

இரணைமடுக் குளத்தை நினையுங்கள். குளத்து நீர் உயரத்தில் நிற்கிறது, வயல் கீழே கிடக்கிறது. நீர் இறங்கத்தான் பார்க்கும். ஆனால் நடுவில் குளக்கட்டு இருக்கிறது. வைரம் கட்டுக்குள் நிற்கும் நீர். காரீயம் கீழ் வயல். இடையில் இருக்கும் கட்டு, அந்த உறுதியான பிடிகளை எல்லாம் கழற்றச் செலவாகும் சக்தி. அது மிகப் பெரிய கட்டு. அதனால் கோடிக்கணக்கான வருடமானாலும் அறை வெப்பநிலையில் வைரம் வைரமாகவே இருக்கும்.

கட்டைத் தாண்ட ஒரு வழி வெப்பம். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வைத்து 1500 பாகை செல்சியசுக்கு மேலே கொண்டுபோனால் வைரம் காரீயமாகத் தொடங்கும். மாரியில் மழை பிடித்துக் குளம் வான் பாய்வதைப் போல, நீர் மட்டம் ஏறி ஏறி வழிகிற நிலை அது. காற்றில் வைத்துச் சூடாக்கினால் அவ்வளவுக்கும் போகத் தேவையில்லை, 800 பாகையை அண்டி ஒட்சிசனோடு சேர்ந்து எரிந்து வாயுவாகிவிடும். லவோசியே பார்த்தது அதைத்தான்.

இன்னொரு வழி, நீர் மட்டத்தை உயர்த்தாமல் குளக்கட்டின் உயரத்தையே பதித்துவிடுவது. மிகக் குறுகிய லேசர் துடிப்பு செய்வது இதைத்தான். இந்த ஒரு வேறுபாடு விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஆனால் அதற்கு முதல் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். வைரம் ஒளி ஊடுருவும் பொருள். ஒளி உள்ளே போய் மறுபக்கத்தால் வெளியே வந்துவிடுகிறது. எதையும் விட்டுவிட்டுப் போகாத ஒளி எப்படி எதையாவது மாற்றும்?

ஒளி துகள் துகளாக வருகிறது. ஒவ்வொரு துகளும், அதாவது ஒவ்வொரு போட்டனும், ஓர் அளவு சக்தியைச் சுமக்கிறது. வைரத்தில் பூட்டுண்ட ஓர் இலத்திரனைப் பிடியிலிருந்து கழற்றி அலையவிட 5.5 இலத்திரன் வோல்ற்றுச் சக்தி வேண்டும். நாங்கள் கண்ணால் காணும் ஒளியில் சிவப்புப் போட்டன் 1.65 அளவும், ஊதாப் போட்டன் 3.1 அளவும்தான் வைத்திருக்கிறது. போதாது. போதாத சக்தியை இலத்திரன் பாதி பாதியாக வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே வாங்குவதில்லை, ஒளி கடந்து போகிறது. வைரம் தெளிவாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

இந்த வேலைக்கு அதிகம் பயன்படும் லேசரின் ஒளி 800 நனோமீற்றர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ஆழ்ந்த சிவப்பு. அதன் போட்டனிடம் 1.55 இலத்திரன் வோல்ற்றுத்தான் இருக்கிறது. மூன்று சேர்ந்தால் 4.65, இன்னும் போதாது. நாலு சேர்ந்தால் 6.2, போதும்.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டி சேற்றில் புதைந்துவிட்டால் என்ன செய்வோம்? நாலு பேர் ஒருவர் போனபின் ஒருவராக வந்து தள்ளினால் விடிய விடியத் தள்ளினாலும் அது அசையாது. நாலு பேரும் ஒரே மூச்சில் தோள் கொடுத்தால் ஏறிவிடும். போட்டனும் அப்படித்தான். நாலும் ஒரே இலத்திரனிடம் ஒரே கணத்தில் வந்து சேர வேண்டும். சாதாரண வெளிச்சத்தில் அது நடக்கவே நடக்காது. ஒளியை மிக மிக நெருக்கமாகக் கொண்டுவந்தால் நடக்கும். இன்னொன்று, ஒளிச்செறிவை இரண்டு மடங்காக்கினால் நாலு போட்டன் ஒன்றாக வந்து சேரும் வாய்ப்பு இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. ஆகவே வில்லையால் குவித்த புள்ளியில் மட்டும் மாற்றம் நடக்கும், அதற்குச் சற்று வெளியே ஒன்றும் நடக்காது. புள்ளியை வைரத்தின் உள்ளே குவித்தால் மேற்பரப்பைத் தொடாமல் உள்ளேயும் கீறலாம்.

ஒளியை நெருக்குவதற்கு இரண்டு வழி. இடத்தில் நெருக்குவது வில்லையின் வேலை. காலத்தில் நெருக்குவதுதான் பெம்டோசெக்கன் லேசரின் வேலை.

பெம்டோசெக்கன் எவ்வளவு சிறிது என்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஒரு செக்கனை ஆயிரம் பங்காக்கி, அதில் ஒன்றை எடுத்து மறுபடி ஆயிரம் பங்காக்கி, இப்படி ஐந்து முறை செய்தால் வருவது. ஒரு செக்கனில் உலகத்தை ஏழரைத் தடவை சுற்றிவரக்கூடிய ஒளி, 100 பெம்டோசெக்கனில் 30 மைக்கிரோமீற்றர்தான் போகும். உங்கள் தலைமயிரின் தடிப்பைக்கூடத் தாண்டாது.

இப்போது ஒரு நெல்மணியை உள்ளங்கையில் வையுங்கள். ஒன்று ஏறத்தாழ 25 மில்லிகிராம் வரும். அதை 4 மில்லிமீற்றர் உயர்த்த வேண்டிய சக்தி சுமார் ஒரு மைக்கிரோயூல். அவ்வளவுதான், எறும்புகூடச் செய்யக்கூடிய வேலை. அதே ஒரு மைக்கிரோயூலை 100 பெம்டோசெக்கனுக்குள் கொட்டினால், அந்தக் கணத்தில் அதன் வலு ஒரு கோடி உவாற்று. அதாவது 10 மெகாவாற்று. அதை 10 மைக்கிரோமீற்றர் அகலப் புள்ளியில் குவித்தால் வைரத்தின் மேற்பரப்புத் தாக்குப்பிடிக்க முடியாத எல்லையை அண்டிவிடுகிறோம். ஒரு நெல்மணியைச் சற்றே தூக்கும் சக்தி, உலகின் கடினமான பொருளை மாற்றிவிடுகிறது. வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் செய்துகாட்டும்போது எனக்கே ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

இத்தகைய துடிப்புகளை வலுவாக்குவது முன்பு பெரிய தலையிடியாக இருந்தது, பெருக்கும் பளிங்கே உடைந்துபோகும். துடிப்பை முதலில் நீட்டி மெலிதாக்கி, பிறகு பெருக்கி, கடைசியில் திரும்பச் சுருக்கும் வழியை 1985இல் டொனா ஸ்ட்ரிக்லண்ட், ஜெரார் மூரு இருவரும் கண்டார்கள். 2018ஆம் ஆண்டு பௌதிகவியல் நோபல் பரிசில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. ஒளியைத் தரும் பளிங்கு பெரும்பாலும் தைத்தேனியம் கலந்த நீலக்கல், செயற்கையாக வளர்த்தது. இரத்தினபுரியில் கிண்டி எடுக்கும் நீலக்கல்லும் அதே கனிமம்தான். அந்தக் கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், குருந்தம் என்ற எங்கள் சொல்லிலிருந்து போனது.

இனி வைரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். துடிப்பு வந்து விழுகிறது. குவிந்த புள்ளியில் நாலு நாலு போட்டன்களாகச் சேர்ந்து இலத்திரன்களைப் பிடியிலிருந்து கழற்றுகின்றன. கழன்ற இலத்திரன்கள் மேலும் சக்தி வாங்கி மற்ற இலத்திரன்களையும் மோதிக் கழற்றுகின்றன. பிடி என்று நாங்கள் சொல்வதே அந்த இலத்திரன்கள்தாம். இரண்டு அணுவுக்கு நடுவில் நின்று அவற்றை ஒட்டவைப்பவை. அவற்றில் போதிய பங்கு எழும்பிப் போய்விட்டால் ஆணி கழன்ற தகரம்தான். கணினிக் கணிப்புகள் தருகிற எண் என்னைத் திகைக்க வைத்தது. பிணைப்பில் உள்ள இலத்திரன்களில் நூற்றுக்கு ஒன்றரை அளவு எழும்பினாலே போதும், வைரம் தன் உருவில் நிற்க முடியாமல் போகிறது.

அணுக்கள் இன்னும் சூடாகவில்லை என்பதைக் கவனியுங்கள். சூடு என்றால் அணுக்களின் ஆட்டம். இலத்திரன்கள் வாங்கிய சக்தியை அணுக்களுக்குக் கைமாற்ற ஒரு பிக்கோசெக்கன் அளவிலாவது பிடிக்கும், அதாவது ஆயிரம் பெம்டோசெக்கன். ஆனால் வைரத்தின் அணுக்கள் மிக வேகமாக அதிர்பவை, ஒரு ஆட்டத்துக்கு 25 பெம்டோசெக்கன் போதும். பிடி தளர்ந்ததும் நாலைந்து ஆட்டத்துக்குள் அவை இடம் பெயர்ந்துவிடுகின்றன. மேடும் பள்ளமுமாக இருந்த தகரம் நிமிர்கிறது, தகரத்துக்கும் தகரத்துக்கும் இடையில் பிடி விடுகிறது, தாள்கள் விலகுகின்றன. ஓரிரு நூறு பெம்டோசெக்கனில் எல்லாம் முடிந்துவிடும் என்று கணிப்புகள் காட்டின. இத்தாலியில் திரியெஸ்தேயில் உள்ள எக்ஸ் கதிர் லேசரை வைரத்தின் மேல் விட்டு அளந்தபோதும் ஏறத்தாழ அதே காலம்தான் வந்தது. நீர் மட்டம் ஏறவில்லை, கட்டு பதிந்தது, நீர் தானாக வயலுக்கு இறங்கியது.

வெப்பத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. துடிப்பு வலுவாக இருந்தால், அல்லது துடிப்புகள் மிக நெருங்கி நெருங்கி விழுந்தால், முந்தியதன் சூடு ஆறுமுன் அடுத்தது வந்துவிடும். அப்போது வெப்பமும் சேர்ந்து வேலை செய்யும். நடைமுறையில் அநேகமாக இரண்டும் கலந்தே நடக்கிறது. துடிப்பு பத்து இலட்சம் பெம்டோசெக்கன் நீளும் நனோசெக்கன் லேசராக இருந்தால் முழுக்க முழுக்க வெப்பத்தின் ஆட்சிதான். வைரம் செம்பைவிட ஏறக்குறைய 5 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் சூடு சுற்றிலும் பரவி, மாறிய படை தடிக்கும், ஒரு மைக்கிரோமீற்றர் அளவுக்கும் போகும். பெம்டோசெக்கன் துடிப்பில் அந்தப் படை பத்துக்கணக்கான நனோமீற்றரோடு நின்றுவிடும். அளந்து கீற வேண்டியவர்களுக்கு இந்த வித்தியாசம்தான் பெரிது.

மேற்பரப்பைக் கிட்ட வைத்துப் பார்த்தால் இன்னும் சில விஷயம் தெரியும். முதல் துடிப்பில் சிலவேளை கண்ணுக்கு ஒன்றும் படாது. ஆனால் உள்ளே சின்னச் சின்னக் குறைகள் விழுந்திருக்கும். அடுத்தடுத்த துடிப்பில் அந்தக் குறைகள் ஒளியை வாங்கத் தொடங்கும். எங்கேயோ ஒரு இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி பிறந்துவிட்டால், அப்புறம் நாலு போட்டன் கணக்கெல்லாம் தேவையில்லை. கறுப்புக்கு ஒவ்வொரு போட்டனையும் தனித்தனியாக விழுங்கத் தெரியும். புள்ளி விறுவிறுவென்று வளரும். மாறிய இடம் பள்ளமாக இல்லாமல் மேடாக உப்பியும் நிற்கும். காரணம் அடர்த்தி. வைரம் ஒரு கன சதமமீற்றருக்கு 3.5 கிராம், காரீயம் 2.26 கிராம். அதே அணுக்கள் காரீயமானால் ஒன்றரை மடங்கு இடம் கேட்கும். மேற்பரப்பில் மேலே உப்ப இடம் உண்டு. வைரத்தின் உள்ளே கீறும்போது அந்த இடம் இல்லை, அதனால் சுற்றியுள்ள வைரம் அமுக்கப்பட்டு வெடிப்பு விழுவதும் உண்டு. உள்ளே கீறுபவர்களின் பெரும்பாடு இதுதான். இன்னும் சில நிலைகளில், முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் காற்று வரைவதுபோல, மேற்பரப்பில் ஒழுங்கான வரி வரியான நெளிவுகளும் தோன்றும். அவற்றின் இடைவெளி விழுந்த ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாகவும் இருக்கும்.

கறுத்திருப்பது காரீயம்தானா, வேறு கரியா என்று எப்படித் தெரியும்? இங்கே எங்கள் திருச்சிக்காரர் வருகிறார். ஒரே நிற ஒளியை ஒரு பொருளில் விட்டால், சிதறி வரும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வரும். அந்த மாற்றம் அணுக்களின் ஆட்டத்தைச் சொல்லும். 1928இல் சி. வி. இராமன் கண்டது இது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருக்கு வைரத்தின் மேல் தனிப்பிரியம், பல வருடம் அதை ஆராய்ந்தார். இராமன் அளவுகோலில் வைரம் 1332 என்ற இடத்தில் ஒற்றைக் கூர்முனையாக நிற்கும். காரீயம் 1580ஐ அண்டி நிற்கும். ஒழுங்கு குலைந்த காரீயத்துக்கு 1350 பக்கம் இன்னொரு முனையும் வரும். லேசர் கீறிய கோட்டில் பெரும்பாலும் இந்த இரண்டு முனையும் தெரியும். ஆக அது போகலைச் சுரங்கத்துக் காரீயம்போல நேர்த்தியான தாளடுக்கு இல்லை. பொடிப்பொடியான காரீயத் துணுக்குகளும் ஒழுங்கற்ற காபனும் கலந்தது. அதனால் மின்னை நல்ல காரீயம் அளவுக்குக் கடத்தாது. ஆனாலும் வைரத்தோடு ஒப்பிட்டால் நல்ல கம்பி.

இந்தக் கம்பிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வைரம் வெட்டும் பட்டறைகளில் லேசரும் கரியும் பழைய கதை. அங்கே கரி ஒரு தொல்லை, வெட்டியபின் கழுவிவிடுவார்கள். ஆனால் மின் கடத்தாத வைரத்துக்குள் மின் கடத்தும் கோட்டை நினைத்த இடத்தில் கீற முடியும் என்றால், அது வேறு கதை. அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த குழுக்கள், வைரத் தகட்டுக்குள் மேலிருந்து கீழாகக் காரீயக் கம்பிகளை வரிசையாகக் கீறி, கதிர்வீச்சை உணரும் கருவிகள் செய்து சோதித்திருக்கிறார்கள். கடுமையான கதிர்வீச்சையும் வைரம் நெடுநாள் தாங்கும்.

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கும்போதும் உடம்பில் எவ்வளவு கதிர் விழும் என்று முன்கூட்டியே அளக்க வேண்டும். அதற்கு வைர உணரிகள் உலகத்தில் பாவனையில் இருக்கின்றன. ஏன் வைரம் என்றால், காபனின் அணு எண் 6, எங்கள் தசையை ஆக்கும் அணுக்களின் சராசரிக்கு மிகக் கிட்ட. வைரம் கதிரை வாங்கும் விதம் தசை வாங்கும் விதத்தை ஒத்திருக்கும். ஆனால் உணரியின் மின்வாய்க்குப் பொன் போன்ற பாரமான உலோகத்தைப் பூசினால் அந்த ஒற்றுமை கெடும். மின்வாயையும் காரீயமாகவே கீறிவிட்டால் முழு உணரியும் காபன். வன்னியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறித் தெல்லிப்பழைக்குச் சிகிச்சைக்குப் போய் வருகிறவர்களை எனக்குத் தெரியும், எங்கள் உறவிலும் இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பயனைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வேறு பயன்களும் இருக்கின்றன. ஒரு காரீயப் புள்ளியும் தோன்றாத அளவுக்குத் துடிப்பின் சக்தியைக் குறைத்தால், வைரத்துக்குள் ஒரே ஒரு அணுவை இடத்திலிருந்து தட்டிவிட முடியும். அந்த வெற்றிடம் ஒரு நைதரசன் அணுவுக்குப் பக்கத்தில் போய் நின்றால் ஒளிரும். குவாண்டம் கணினி ஆய்வுகளுக்கு அப்படிப்பட்ட ஒளிப்புள்ளிகள் வேண்டும். 2017இல் அதை லேசரால் செய்துகாட்டிவிட்டார்கள். அது தனிக் கட்டுரைக்குரியது.

வகுப்பு முடிகிற நேரம் அந்தப் பிள்ளை கடைசியாக ஒன்று கேட்டாள்.

“அப்ப ரீச்சர், பிழையாக் கீறினா அழிறப்பரால அழிக்கலாமோ?”

அழிறப்பர் போதாது, ஆனால் அழிக்கலாம். கந்தக அமிலமும் நைத்திரிக் அமிலமும் கலந்து கொதிக்கவைத்தால் காரீயம் கரைந்து போய்விடும், வைரத்துக்கு ஒன்றும் ஆகாது. அல்லது காற்றில் வைத்து 500, 600 பாகையில் சூடாக்கலாம். அந்தச் சூட்டில் லேசர் கீறிய கரி எரிந்து வாயுவாகிவிடும், வைரம் எரிய அதைவிடக் கூடிய சூடு வேண்டும். கறுப்பு முழுதும் போய், வைரம் பழையபடி தெளிந்துவிடும். ஆனால் காரீயமாகிப் போன அணுக்கள் வைரத்தின் அணுக்கள்தானே. ஆகவே கோடு இருந்த இடத்தில், விரலுக்குத் தட்டுப்படாத ஆழத்தில், ஒரு மெல்லிய வாய்க்கால் மிஞ்சும்.